காலிக் குலைக்குள் இருக்கும் பொட்டாஷும் பக்கத்தில் நிற்கும் இளங்கன்றும்

கேள்வி: கெடாவில் கூலிமுக்குப் பக்கத்தில் எங்களுக்கு 5 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலம். மாமனார் காலத்து நிலம். நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு நானும் மகனும்தான் பார்த்துக்கொள்கிறோம். 3 ஏக்கரில் 11 வயது மரங்கள்; போன வருடம் 24 டன் குலை வெட்டினோம். மீதி 2 ஏக்கரில் மறுநடவு செய்து 14 மாதம் ஆகிறது. உர விலை தாங்கவில்லை. பக்கத்து ஆலையில், பழத்தை உதிர்த்தெடுத்த பிறகு மிஞ்சும் காலிக் குலையைச் சும்மா தருகிறார்கள் என்று 10 டன் லோரி ஒன்று எடுத்து இறக்கினோம். அது கன்றுக்காட்டு ஓரத்தில் ஒன்றரை மாதமாகக் குவியலாகவே கிடக்கிறது. கறுப்புத் தண்ணீர் வடிந்து கால்வாய்க்குப் போகிறது. பக்கத்து நிலத்துக்காரர், 'அப்படியே விடுங்கள், தானாக மக்கும்' என்கிறார். இன்னொருவர் மட்டையோடு சேர்த்து எரித்துச் சாம்பலைப் போடச் சொல்கிறார். நுண்ணுயிர் போத்தல் வாங்கி ஊற்றினால் 3 வாரத்தில் மக்கிவிடும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். மகனோ, மக்கு உரம் செய்துவிட்டால் கடை உரத்தையே நிறுத்திவிடலாம் என்கிறான். எதைக் கேட்பது?

பதில்: டீச்சரம்மாவுக்கு வணக்கம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காரியம். கன்றுக்காட்டு ஓரத்தில் கிடக்கிற அந்தக் குவியலை இந்த வாரமே கலைத்துவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மகனும் நீங்களும் மண்வெட்டியோடு இறங்கிப் பாதியையாவது பரப்பிவிடுங்கள். உரக் கணக்கை அப்புறம் பேசலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், காண்டாமிருக வண்டு. ஈரமாக, பாதி மக்கி, யாரும் கிளறாமல் கிடக்கிற காலிக் குலைக் குவியல்தான் அது முட்டையிடத் தேடும் இடம். புழுவாக இருக்கும் வரை அது குவியலுக்குள்ளேயே தின்று வளரும், மரத்துக்கு ஒன்றும் செய்யாது. வண்டாகி இறக்கை முளைத்ததும் பக்கத்தில் எங்கே இளங்குருத்து இருக்கிறதோ அங்கே போகும். உங்கள் 14 மாதக் கன்றுகள் எதிரிலேயே நிற்கின்றன.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு தோட்டத்தில் மறுநடவுக் காட்டைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆலையிலிருந்து வந்த குலைகளை நிரைக்குள் தூக்கிப்போட ஆள் போதவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரோட்டோரம் குவித்து வைத்தோம். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று போய், ஆறாவது மாதம் கன்றுகளில் புதிதாக விரிந்த ஓலைகள் கத்தரிக்கோலால் விசிறி மாதிரி வெட்டிய வடிவில் வந்தன. குருத்தின் அடியில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை, அதன் வாயில் மென்று துப்பிய நார். குவியலில் மண்வெட்டி போட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் நாலைந்து வெள்ளைப் புழுக்கள் வளைந்து கிடந்தன. ரோட்டோரத்து நிரைகளில் பல கன்றுகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டோம். அந்தக் கன்றுகளை நட்ட தொழிலாளிகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது.

முட்டையிலிருந்து வண்டாக வெளியே வர ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். உங்கள் குவியலுக்கு வயது ஒன்றரை மாதம். இப்போது கலைத்தால் உள்ளே இருப்பவை புழுக்களாகத்தான் இருக்கும். வெயிலில் கிடந்து சாகும், அல்லது கோழிக்கு இரையாகும். 'தானாக மக்கும்' என்று சொன்ன பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதில் பொய் இல்லை. மக்கத்தான் செய்யும். அது மக்குவதற்குள் உங்கள் கன்றின் குருத்து போய்விடும்.

அடுத்தது, நீங்கள் சொன்ன கறுப்புத் தண்ணீர். அதைப் பற்றி எழுதினீர்களே, நல்ல கண் உங்களுக்கு. காலிக் குலையில் இருக்கும் சத்திலேயே பெரிய பங்கு சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். அது நாருக்குள் கெட்டியாகப் பிணைந்திருப்பதில்லை. தண்ணீர் பட்டால் கரைந்து இறங்கிவிடும். மர வட்டத்துக்கு, அதாவது மரத்தடியில் புல் செதுக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் வேர் எடுத்துக்கொள்ளும். ரோட்டோரம் குவியலாக இருந்தால் கால்வாய்க்குப் போகும். உங்கள் கால்வாயில் ஓடுவது மூட்டையில் காசு கொடுத்து வாங்கும் அதே பொட்டாஷ்தான்.

எவ்வளவு என்று பார்ப்போம். நம் நாட்டில் தோட்டக்காரர்கள் பல வருடமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. புதிதாக ஆலையிலிருந்து வந்த 1 டன் காலிக் குலையில் சுமார் 7 கிலோ யூரியா, 2.8 கிலோ பாறை பாஸ்பேட், 19.3 கிலோ எம்.ஓ.பி. (கடையில் வாங்கும் பொட்டாஷ் உரம்), 4.4 கிலோ கீசரைட் (மெக்னீசிய உரம்) ஆகியவற்றுக்குச் சமமான சத்து இருக்கிறது. உங்கள் 10 டன்னில் எம்.ஓ.பி. மட்டும் 193 கிலோ, ஏறக்குறைய 4 மூட்டை. யூரியா பார்த்தால் ஒன்றரை மூட்டைகூட இல்லை. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

இனி மரத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். 1 டன் பழக்குலை வெட்டி லோரியில் ஏற்றினால் அதோடு நிலத்திலிருந்து சுமார் 3 கிலோ தழைச்சத்தும் (யூரியா தரும் நைட்ரஜன்) 3.7 கிலோ சாம்பல்சத்தும் வெளியே போகிறது. போன வருடம் 24 டன் அனுப்பினீர்கள். ஏறக்குறைய 70 கிலோ தழைச்சத்து, 89 கிலோ சாம்பல்சத்து. மூட்டைக் கணக்கில் யூரியா 3 மூட்டை, எம்.ஓ.பி. மூன்றரை மூட்டை. எண்ணெய் பிழிந்த பிறகு இந்தச் சத்து எங்கே போகிறது? எண்ணெய் என்பது கரியும் (கார்பன்) ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். அதில் உரச்சத்து போவதில்லை. குலையின் எடையில் 22 சதவீதம் காலிக் குலையாக மிஞ்சும். அந்த 22 சதவீதத்துக்குள் குலையோடு போன சாம்பல்சத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. தழைச்சத்தோ கால் பங்குதான். மீதி பருப்பிலும், பிழிந்த நாரிலும், ஆலைக் கழிவுநீரிலும் போய்விடுகிறது.

ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: தம்பி, காலிக் குலையை ஒழுங்காகப் போட்டால் பொட்டாஷ் மூட்டையைப் பாதிக்கு மேல் குறைக்கலாம், சில மரங்களுக்கு ஒரு வருடம் நிறுத்தவும் செய்யலாம். யூரியாவை நிறுத்த முடியாது. அவன் ஆசையில் தப்பில்லை. ஆனால் காலிக் குலை மக்கு உரத்தை மட்டும் நம்பி எல்லா உரத்தையும் ஒரேயடியாக நிறுத்திய சிறு தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. செம்பனையின் பூங்குருத்து உள்ளே உருவாகி, அது பெண்பூவா ஆண்பூவா என்று தீர்மானமாவதற்கும் அந்தக் குலை பழுத்து வெட்டப்படுவதற்கும் நடுவில் 2 வருடத்துக்கு மேல் இருக்கிறது. இன்று பட்டினி போட்டால் விளைச்சல் விழுவது அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும். அப்போது எதனால் விழுந்தது என்றே மறந்துபோயிருக்கும்.

சரி, இப்போது உங்களிடம் ஏற்கனவே இருப்பதைப் பற்றிப் பேசுவோம். கடிதத்தில் மட்டையைப் பற்றி ஒரே இடத்தில்தான், அதுவும் எரிப்பதற்காகச் சொல்லியிருக்கிறீர்கள். 3 ஏக்கரில் சுமார் 168 மரம் இருக்கும். மரத்துக்கு மாதம் 2 மட்டை என்று குலை வெட்டும்போதும் கழிக்கும்போதும் விழுகிறது. வருடத்துக்கு 4,000 மட்டை. காய்ந்த எடையில் பார்த்தால் 12 டன் அளவுக்கு வரும். உங்கள் லோரியில் வந்த 10 டன்னில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். காய்ந்தது மூன்றரை டன்தான். லோரிக்கூலி கொடுத்து மூன்றரை டன்னைக் கொண்டுவந்துவிட்டு, மரம் சும்மா கொடுக்கிற 12 டன்னை எரிக்கப் பார்க்கிறோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

மட்டையை மக்க வைக்கத் தனியாக ஒரு வேலையும் வேண்டாம். ஒரு நிரைச் சந்து விட்டு ஒரு சந்தில், நடக்கும் வழியை விட்டுவிட்டு, முள் இருக்கும் அடிப்பகுதியை வெட்டிக் கீழே கவிழ்த்து, ஓலையை அகலமாகப் பரப்புங்கள். உயரமாக அடுக்கினால் எலியும் பாம்பும் குடியிருக்கும். பரப்பினால் ஒரு வருடத்தில் அமுங்கிவிடும். உங்கள் மேட்டுப்பக்கத்தில் மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் மழைத் தண்ணீருக்கு நீங்களே வாய்க்கால் வெட்டிக்கொடுத்த மாதிரி. ஒரு வருடம் கழித்து அந்த அடுக்கின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். மண் கறுத்து, பொலபொலவென்று இருக்கும். நூல் மாதிரி மெல்லிய செம்பனை வேர்கள் மண்ணுக்கு மேலேயே வந்து அழுகிய ஓலைக்குள் புகுந்திருக்கும். மரம் தன் சாப்பாட்டைத் தேடி அங்கேதான் வருகிறது. உரம் போடும்போது அந்த அடுக்கின் ஓரத்திலும் கொஞ்சம் தூவுங்கள். வெறுமையாகச் செதுக்கிய வட்டத்தில் போட்டு மழையில் அடித்துப் போவதைவிட அங்கே அதிகம் தங்கும்.

இப்போது காலிக் குலைக்கு வருவோம். நீங்கள் கேட்டது மக்கு உரம் செய்வதா என்று. 10 டன்னையும் மக்கு உரமாக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய தோட்டங்கள் மக்கு உரம் செய்வதற்குக் காரணங்கள் வேறு. ஆலைக்குப் பக்கத்திலேயே குலையை நொறுக்கி, கழிவுநீரை அதன் மேல் தெளித்து, எந்திரத்தால் புரட்டி, எடையைப் பாதியாக்கித் தூரத்து நிரைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படிச் செய்யும்போது கழிவுநீர் குட்டையில் தேங்கி மீத்தேன் கிளம்புவதும் குறைகிறது. அது நல்ல காரியம்தான். உங்களுக்கோ குலை நிலத்துக்கே வந்துவிட்டது. வளர்ந்த மரத்துக்கு அதை அப்படியே மூடாக்காகப் போட்டாலே போதும். மக்குவது மரத்தடியில் நடக்கும், வடியும் பொட்டாஷும் வேருக்கே போகும். கன்றுக்குத்தான் நன்றாக மக்கிய உரம் வேண்டும். வண்டு பயம் அங்கேதான்.

அதனால் இப்படிப் பிரியுங்கள். 6 டன் வளர்ந்த மரங்களுக்கு, 4 டன் மக்கு உரத்துக்கு.

6 டன்னை 168 மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டாம். மரத்துக்கு 150 கிலோ வீதம் 40 மரத்துக்குப் போடுங்கள். பரலைக் கல் தெரிகிற மேட்டு ஓரத்தில், மழை நின்ற பத்தாம் நாளே மட்டை தொங்கிப்போகிற மரங்கள் எவை என்று உங்களுக்கே தெரியும். அந்த 40-ஐத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்து மரத்துக்கு மூடாக்கால் கிடைக்கும் லாபம் குறைவு. 150 கிலோ என்றால் 30, 35 காலிக் குலை; தள்ளுவண்டியில் நாலைந்து நடை. வட்டத்துக்கு வெளியே, மட்டை அடுக்குக்குப் பக்கத்தில், ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒரு குலைக்கு மேல் இன்னொரு குலை ஏறக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே அடுக்காக இருந்தால் வெயிலும் காற்றும் பட்டு வண்டுக்கு ஏற்ற ஈரப்பதம் அமையாது. இரண்டாவது அடுக்கு ஏறினாலே அடியில் இருட்டும் ஈரமும் சேர்ந்து அதற்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வட்டத்துக்குள் போட்டால் உதிரிப் பழம் குலை இடுக்கில் விழுந்து பொறுக்குகிறவர் கை கிழியும், பழமும் வீணாகும்.

புதுக் குலையாக இருந்தால் 150 கிலோவில் கிட்டத்தட்ட 3 கிலோ எம்.ஓ.பி.க்குச் சமமான பொட்டாஷ் உண்டு. வளர்ந்த மரத்துக்கு ஒரு வருடம் போடும் அளவு ஏறக்குறைய அதுதான். ஆனால் உங்கள் குவியல் ஒன்றரை மாத மழையில் நனைந்தது. ஆகவே இந்த 40 மரத்துக்கும் இந்த வருடம் எம்.ஓ.பி.யைப் பாதியாகக் குறையுங்கள், முழுசாக நிறுத்த வேண்டாம். அடுத்த லோரி வரும்போது குலையை ஒரு வாரத்துக்குள் பரப்பிவிட்டால் அப்போது நிறுத்தலாம். யூரியாவை மட்டும் குறைக்கவே கூடாது. மக்காத காலிக் குலையில் கரி ஏராளம், தழைச்சத்து கொஞ்சம். அதைத் தின்று மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். முதல் சில மாதம் மரம் அந்தப் போட்டியில் தோற்று ஓலை வெளிறும். வழக்கமான யூரியாவைப் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கட்டம் தெரியாமல் கடந்துவிடும்.

இனி அந்த 4 டன். வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, கன்றுக்காட்டிலிருந்தும் தள்ளி, பெரிய மர நிழலில் கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். பள்ளத்துப் பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மண் வரப்பு போட்டுவிடுங்கள். வடிகிற கறுப்புத் தண்ணீர் அங்கே தேங்கும், வாளியில் மொண்டு மறுபடி குவியல் மேலேயே ஊற்றலாம். ஆலையில் நொறுக்கிய குலை கிடைத்தால் அடுத்த முறை அதைக் கேளுங்கள். இப்போது இருப்பது முழுக் குலை என்றாலும் ஒன்றரை மாதம் நனைந்ததால் மென்மையாகியிருக்கும். பாராங் கத்தியால் நாலாகப் பிளந்துகொள்ளுங்கள். பிளக்காத குலையின் நடுக்காம்பு ஆறு மாதமானாலும் கட்டையாகவே இருக்கும். பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், குலைக்குள் தேளும் பூரானும் இருக்கும்.

4 டன் குலைக்கு 700, 800 கிலோ கோழி எரு சேருங்கள். ஆட்டு எரு கிடைத்தால் அதுவும் நல்லது, அளவு கொஞ்சம் கூட வேண்டும். எரு எதற்கு என்றால் தழைச்சத்துக்கு. குலையில் மட்டும் பார்த்தால் தழைச்சத்து 1 பங்குக்குக் கரி 50 பங்குக்கு மேல் இருக்கிறது. குவியல் நன்றாகச் சூடேற அது 30-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஆறேழு அடி அகலத்தில் ஒரு முழ உயரம் குலை, அதன் மேல் எரு, மறுபடி குலை, மறுபடி எரு என்று நாலடி உயரத்துக்கு ஏற்றினால் நீளம் 30 அடி வரும். எரு நடுவில் இருக்கட்டும். வெளியில் தெரிந்தால் ஈ மொய்த்து அக்கம்பக்கத்தாரோடு சண்டை வரும். மேலே பழைய தார்ப்பாய். இரண்டு பக்கமும் காற்றுக்கு இடம் விடுங்கள்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. உள்ளே 60 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் களை விதையும் சாகும், வண்டு முட்டையும் சாகும். சூடு வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: காய்ந்திருக்கும், அல்லது தண்ணீர் அதிகமாகிக் காற்று போகாமல் இருக்கும். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி நார் எடுத்துப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஈரம் கசிந்து ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் கிளறிக் காய விடுங்கள், ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். முகர்ந்தும் பார்க்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று இல்லை, மூக்கைக் குத்தும் நெடி வந்தால் எரு கூடிவிட்டது.

முதல் மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். வெளிப்பக்கம் இருப்பது உள்ளே போகட்டும், உள்ளே இருப்பது வெளியே வரட்டும். வண்டுப் புழு தங்குவது சூடு ஏறாத ஓரத்திலும் அடியிலும்தான். புரட்டாமல் விட்ட மக்கு உரக் குவியலுக்கும் ரோட்டோரக் குவியலுக்கும் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்ட ஆள் இல்லை என்றால் தயவு செய்து மக்கு உரமே செய்யாதீர்கள். அந்த 4 டன்னையும் ஒரே அடுக்காக வளர்ந்த மரத்துக்குப் போட்டுவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

நொறுக்கிய குலையாக இருந்தால் 3 மாதத்தில் ஆகிவிடும். உங்களுடைய பிளந்த குலைக்கு 5 மாதமாவது வையுங்கள். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் ஆரம்பித்தால் தண்ணீர் தெளிக்கிற வேலை கூடும், ஆனால் பொட்டாஷ் கரைந்து ஓடாது. செப்டம்பர் மழைக்கு முன்னால் உரம் கையில் இருக்கும். ஆனதா என்று பார்க்க: குவியல் பாதியாக அமுங்கியிருக்கும், புரட்டினாலும் சூடு ஏறாது, மழை பட்ட மண் வாசனை வரும், நாரை இழுத்தால் இழுபடாமல் பட்டென்று அறும்.

போத்தலை வாங்க வேண்டாம் டீச்சரம்மா. காலிக் குலையிலும் கோழி எருவிலும் வேண்டிய நுண்ணுயிர் ஏற்கனவே இருக்கிறது. குறையாக இருப்பது தழைச்சத்தும் காற்றும் அளவான ஈரமும்தான். அந்த மூன்றும் போத்தலில் வராது. தொடக்கத்துக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று மனசு சொன்னால், மட்டை அடுக்கின் அடியிலிருந்து அந்தக் கறுப்பு மண்ணை ரெண்டு கூடை அள்ளித் தூவுங்கள். முழுக் குலை 3 வாரத்தில் மக்கி நான் பார்த்ததில்லை.

4 டன்னிலிருந்து 2 டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக உரம் வரும். உங்கள் 2 ஏக்கரில் 112 கன்று இருக்கும். கன்றுக்கு 15 கிலோ. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஓலை நுனி நிழல் விழும் இடம் வரை வளையமாகப் பரப்பி, மேல் மண்ணோடு லேசாகக் கொத்திவிடுங்கள். தண்டில் ஒட்டிக் குவிக்காதீர்கள். இதைப் போட்டதற்காகக் கன்றின் உர அட்டவணையில் எதையும் குறைக்க வேண்டாம். இந்த வயதில் மக்கு உரம் செய்யும் வேலை வேர் ஓட இடம் கொடுப்பதும் ஈரத்தைப் பிடித்து வைப்பதும்தான்.

எந்த மக்கு உரமும் போதுமான அளவு தராத ஒன்று போரான். கன்றில் புது ஓலையின் இலை நுனி கொக்கி மாதிரி வளைந்து வந்தால் அது போரான் பற்றாக்குறை. அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். வளர்ந்த மரத்தில் அடிமட்டை இலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தால் பொட்டாஷ் குறைவு. வெயில் படும் அடிமட்டைகள் மஞ்சளாகி, ஓர் இலை மேல் இன்னோர் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தால் மெக்னீசியம் குறைவு, கீசரைட் கேட்கிறது. பொட்டாஷைக் குறைக்கும் வருடத்தில் மாதம் ஒரு முறை இந்த இலைகளைத் தூக்கிப் பாருங்கள். முடிந்தால் உச்சியில் புதிதாக விரிந்த மட்டையிலிருந்து எண்ணி 17-வது மட்டையின் இலையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எரிக்கிற யோசனைக்கு வருகிறேன். அதைச் சொன்னவர் வயதானவராகத்தான் இருப்பார். ஒரு காலத்தில் ஆலைகளே காலிக் குலையை எரித்துச் சாம்பலைத் தோட்டத்துக்குக் கொடுத்தன. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அந்த வெள்ளைப் புகை லயத்து வீடுகள் மேல் இறங்கும். துவைத்துக் காயப்போட்ட துணியை அம்மா ஓடி ஓடி எடுப்பார். சாம்பலில் பொட்டாஷ் அதிகம், உண்மைதான். ஆனால் அது கடுமையான காரம். சாம்பல் வீசப் போகும் நாளில் அப்பா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு போவார், வியர்வை பட்ட இடமெல்லாம் வெந்து வருவார். எரித்தால் தழைச்சத்து முழுவதும் புகையாகப் போகிறது, மண்ணில் சேர வேண்டிய மக்குப்பொருளும் போகிறது. மேலும் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம். செய்யாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் நிலத்தில் அடித்தண்டு அழுகி, தண்டடியில் காளான் தட்டு மாதிரி முளைத்த மரம் ஏதாவது இருந்தால் அது கானோடெர்மா என்னும் பூஞ்சை நோய். அந்த மரத்தின் தண்டுத் துண்டு எதுவும் குவியலுக்குள் போகக் கூடாது.

எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020-லிருந்து கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லோரி ரசீது, எந்த நிரையில் எவ்வளவு போட்டீர்கள், எந்தத் தேதியில் புரட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் டீச்சர், இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் காட்டலாம். மலேசிய செம்பனை வாரியத்தின் துனாஸ் ஆலோசனை அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களுக்காகவே இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்து அதிகாரியைக் குவியலைப் பார்க்க ஒரு முறை கூப்பிடுங்கள்.

குலை போட்ட 40 மரத்துக்கும், பக்கத்திலேயே போடாத 10 மரத்துக்கும் வேறு வேறு நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். வெட்டும்போது குலை எண்ணிக்கையைத் தனித்தனியே எழுதுங்கள். ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மகன் சொன்னால், இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அந்தக் குவியல். காலையில் வெயில் ஏறின பிறகு கலையுங்கள். கோழி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் கடைசி ஒரு முழத்தை மண்ணோடு சேர்த்துப் புரட்டிப் பாருங்கள், பெரிய புழுக்கள் அங்கேதான் இருக்கும். எத்தனை கிடைத்தது, எந்த அளவில் இருந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். கன்றுக்காட்டில் வண்டுப் பொறி வைக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.